மதலைமுத்து மிதித்த காற்று

மரக்கலத்துறை அடைக்கல மாதா கோயிலில் ஆர்கனுக்குத் துருத்தி மிதித்துக்கொண்டிருந்த மதலைமுத்து செத்து, ஊர்கூடிக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய், ஆளுக்கொரு பிடி மண் போட்டு, கை கழுவிவிட்டுத் திரும்பி வந்த பிறகும், கோயிலில் துருத்தி நிற்கவில்லை. இடது கால் சற்றே குட்டையான அந்த மனிதர் உயிரோடிருந்தபோது எப்படி மிதித்தாரோ அப்படியே, வலது பலகை அழுத்தமாக, இடது பலகை பட்டும் படாமலும், மறுபடி வலது அழுத்தமாக, இடது பட்டும் படாமலும், ஆளில்லாத அறையில் இரண்டு பலகைகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவர் ஏன் இறங்காமல் மிதிக்கிறார் என்பது ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். ஆர்கன் வாசிக்கும் கிளமென்ஸ் அம்மாளுக்கு. தெரிந்தும் அவள் ஏழு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் மார்செய்யிலிருந்து கப்பலேறி வந்த ஆர்கன் அது. மேல்மாடத்தில் வாசிப்பவர் உட்காரும் இடம், முதுகுக்குப் பின்னால் ஒரு மரத்தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜன்னல்கூட இல்லாத துருத்தி அறை. அங்கே ஓர் ஆள் நின்று இரண்டு பலகைகளையும் மாற்றி மாற்றி மிதித்தால் தோல் துருத்திகள் நிறைந்து குழாய்களுக்குக் காற்றுப் போகும். வாசிப்பவர் கண்ணுக்கு மிதிப்பவர் தெரியமாட்டார், மிதிப்பவர் கண்ணுக்கு வாசிப்பவர் தெரியமாட்டார். அதனால் தடுப்பில் தட்டுவதுதான் அவர்களுக்குள் பேச்சு. ஒரு தட்டு தட்டினால் மிதி என்று அர்த்தம். இரண்டு தட்டினால் போதும், இறங்கு என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து மதலைமுத்து தானாக இறங்கிவிட, பிஷப் ஆண்டவர் முன்னிலையில் ஆர்கன் பசித்த ஆட்டுக்குட்டிபோல் இழுத்துக் கத்தி அடங்கியது. பூசை முடிந்ததும் கிளமென்ஸ் அம்மாள் துருத்தி அறைக்கே போய் அவரை நிற்கவைத்துக் கேட்ட கேள்வி கீழே பீடம் வரைக்கும் கேட்டது. "நான் ரெண்டு தட்டு தட்டுற வரைக்கும் செத்தாலும் இறங்கக் கூடாது, தெரியுதா உனக்கு?" என்றாள். "தெரியுதும்மா" என்றார் மதலைமுத்து. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அவர் அந்தச் சொல்லைத் தாண்டியதில்லை.

அவள் வாசித்ததிலேயே பேர்போனது, கிறிஸ்துமஸ் விடியற்காலைப் பூசையில் வாசிக்கும் இடையர் இசை. குழந்தை பிறந்த சேதி கேட்டு ஆட்டிடையர்கள் குழலூதிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்கு வந்த நேரத்துக்கான பூசை என்பதால் அந்த விடியற்காலைப் பூசைக்கு இடையர் பூசை என்றே பெயர். அந்த இசையை எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் விட்டுப்போன ஏட்டில் அது இருந்தது. முதல் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டதால் எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஆர்கன் வாசித்தவராம், ஜன்னலைத் திறந்தால் புல்லும் ஆடும்தானாம், அவ்வளவுதான் அந்தச் சாமியார் சொன்னது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் அடியில் ஒரே ஒரு பெரிய குழாய் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும், அதன்மேல் ஒரு சின்னக் குழல் தொட்டிலாட்டும் தாளத்தில் போகும், வரும், நிற்கும், திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி போகும். கேட்பவர்களுக்குக் கண் சொக்கும். கடல் மட்டும் பார்த்து வளர்ந்த மரக்கலத்துறைக்காரர்கள் பனிவிழும் புல்வெளியை அந்த இசையில்தான் பார்த்தார்கள். ஆனால் அடியில் ஒலிக்கும் அந்தப் பெரிய குழாய் இருக்கிறதே, அது காற்றைக் குடம் குடமாகக் குடிக்கும். ஊரே சொக்கிக் கிடக்கும் ஆறு நிமிஷமும் தடுப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் மூச்சு வாங்க மலையேறிக்கொண்டிருப்பார். அது யாருக்கும் தோன்றியதில்லை, கிளமென்ஸ் அம்மாள் உட்பட.

மதலைமுத்து செத்த வருஷம் இடையர் பூசைக்குப் பாண்டிச்சேரியிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இசை முடிந்ததும் அவர்களில் ஒரு வெள்ளைக்கார மாது கண்ணைத் துடைத்துக்கொண்டு மேல்மாடத்துக்கே ஏறி வந்து, கிளமென்ஸ் அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்து, இந்த இசையை எங்கள் ஊரிலேயே இவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை என்று சொன்னாள். பிறகு சாமியார் பங்களாவில் காப்பி, கேக், அப்பா யார், எங்கே படித்தாய், யாரிடம் கற்றாய். புகழ்ச்சி யாரைத்தான் விட்டது. பகல் மணி பன்னிரண்டு அடித்தபோது அவள் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. இரண்டு தட்டு தட்டவில்லை.

ஓடினாள். அவளுக்கு முன்னால் மணியடிக்கும் கோயில்பிள்ளை போயிருந்தான். கைப்பிடிக் கம்பைப் பிடித்தபடியே மதலைமுத்து முழங்கால் மடிந்து சரிந்திருந்தார், உடம்பு சூடு ஆறியிருந்தது. இரண்டு பலகைகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

மனுஷன் ஒருவர் செத்ததும் துருத்தி தானாக நடப்பதும் ஒரேநாளில் வந்ததால் ஊர் முதலில் செத்ததைக் கவனித்தது. புதைத்து முடித்துவிட்டு வந்துதான் மற்றதைக் கவனித்தது. பங்குச்சாமியார் அருளப்பர் தீர்த்தம் தெளித்தார். பலகை நனைந்ததே தவிர நிற்கவில்லை. மின்சார ஆபீஸ்காரர் வந்து, கோயிலின் அந்தப் பக்கத்துக்கு நாங்கள் கம்பியே இழுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பங்குப் பேரவை மூன்று வாரம் கூடிப் பேசியது. மதலைமுத்து சுருட்டுப் பிடிப்பவர், தபசு கால நோன்பில் கறி தின்றவர், ஆகையால் இது அவராக இருக்க முடியாது, சங்கீதத்துக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாள்தான் இரங்கி வந்து மிதிக்கிறாள் என்று முடிவாயிற்று. செசிலியம்மாளுக்கு எதற்கு இடது கால் சற்றே குட்டை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்டது. காற்றுப் போதாதே என்று நாலு சரணத்தோடு நிறுத்திய பாட்டுகளை எல்லாம் பாடகர் குழு பதினாலு சரணமும் பாடியது. பூசை நீண்டது, வீட்டில் சுட்டுவைத்த ஆப்பம் ஆறியது, ஆம்பளைகள் முணுமுணுத்தார்கள். துருத்தியின் விரிசல் வழியாகக் கசியும் காற்றை முகர்ந்தால் இழுப்பு நோய் அடங்குகிறது என்று ஒரு வலைக்காரர் வீட்டுப் பெண் சொல்ல, வெள்ளிக்கிழமைதோறும் இளைப்புக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்குப் பத்து மூச்சு இழுத்துக்கொண்டு போனார்கள். அம்மன் கோயில் நாதஸ்வரக்காரர்கள் ஒத்துக்குச் சுருதி சேர்க்க வந்தார்கள், பள்ளிவாசல் தெரு சாயபு ஆர்மோனியத்தோடு வந்தார். பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோயிலில் ஆர்கன் ஒலிக்கக் கூடாதே, துருத்தி முனகுகிறதே என்று அருளப்பர் சாமியாருக்கு ஒரு தர்மசங்கடம் வந்தது. பழைய புத்தகங்களை எல்லாம் புரட்டிவிட்டு, மிதிக்கலாம், வாசிக்கத்தான் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

மதலைமுத்துவின் மனைவி சவரியம்மாளை அந்த அறையைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். அவள் விடிந்ததும் வந்து பெருக்கி, ஒரு செம்பில் நீராகாரம் கொண்டுவந்து மூலையில் வைப்பாள், சாயங்காலம் எடுத்துப்போவாள். இதைப் பார்த்த பெண்கள் செசிலியம்மாளுக்கு நீராகாரம்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று ஆளுக்கொரு செம்பு நேர்ந்துகொண்டார்கள். பரீட்சை, பிரசவம், கடலுக்குப் போனவர் திரும்பாதது, எல்லாவற்றுக்கும் ஒரு செம்பு. சின்ன வெங்காயம் நறுக்கிப்போட்ட நீராகாரம் குடிக்கும் புனிதை உலகத்திலேயே மரக்கலத்துறையில் மட்டும்தான் இருந்தாள்.

கிளமென்ஸ் அம்மாள் முதல் வாரமே தட்டியிருக்க வேண்டியவள். கையை மடக்கித் தடுப்புக்கு அருகில் கொண்டுபோயும் இருக்கிறாள். தட்டினால் துருத்தி நிற்கும், நின்றால் ஏன் நின்றது என்று கேட்பார்கள், கேட்டால் அன்றைக்குப் பங்களாவில் கேக் தின்றுகொண்டிருந்ததைச் சொல்ல வேண்டும். இந்த ஞாயிறு வேண்டாம், கூட்டம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வேண்டாம், ஞானஸ்நானம் இருக்கிறது. பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, அதை அவள் தன்னிடமே ஒப்புக்கொள்ள நாளாயிற்று. தீராத காற்று கிடைத்த பிறகு அவள் வாசிப்பு வேறாகிவிட்டது. காற்றை அளந்து வாசிக்க வேண்டியதில்லை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, கும்பகோணத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் அவள் வாசிப்பைக் கேட்க வந்தார்கள். செத்த மனுஷனின் காலில் ஏறி நின்றுகொண்டு பேர் வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும், அவளே பின்னாளில் அப்படித்தான் சொன்னாள்.

ஏழாம் வருஷம் ஐப்பசி மழையில் துருத்தி தடுமாறத் தொடங்கியது. வலது பலகை இறங்கும், இடது பலகை வர நேரமாகும், நடுவில் பாட்டு தொய்ந்து எழும். செசிலியம்மாளுக்கு நம்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று சாமியார் ஒன்பது நாள் நவநாள் வைத்தார். செம்புகள் இரட்டிப்பாயின. தடுமாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மார்கழி பிறந்து ஒரு பகல்வேளையில், கிளமென்ஸ் அம்மாள் தனியாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தபோது, சவரியம்மாள் முதல்முறையாகத் தடுப்பைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அம்மா, அவருக்கு முடியலை" என்றாள்.

கிளமென்ஸ் அம்மாள் கட்டையிலிருந்து விரல்களை எடுத்தாள். "யாருக்கு?"

"யாருக்குன்னு கேக்குறீங்களே. கூடக் குடித்தனம் பண்ணுனவளுக்கு நடை தெரியாதா? மொத நாளே தெரியும். புள்ளைங்க கடலோட போச்சு, வீட்ல சுவரைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறதுக்கு, இங்க வந்து அவரு சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கலாம்னு பேசாம இருந்துட்டேன். எனக்கு அது போதும்னு இருந்துச்சு, அவருக்குப் போதுமான்னு கேக்கலை." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப ராவும் பகலும் இழுத்துக்கிட்டு நடக்குறாரு. ஏன் இறங்க மாட்டேங்குறாருன்னுதான் எனக்குப் புரியலை. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன், இறங்குங்கன்னு. கேக்கலை."

கிளமென்ஸ் அம்மாள் எழுந்து நின்றாள். ஏழு வருஷமாக ஒத்திகை பார்த்த பொய்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

"நான் தட்டலை சவரி" என்றாள். "ரெண்டு தட்டு தட்டுனாத்தான் அவன் இறங்குவான். அன்னைக்கு நான் தட்டாமப் போயிட்டேன். வெள்ளைக்காரி கையைப் பிடிச்சதும் எல்லாம் மறந்துபோச்சு. அதுக்கப்புறம் மறக்கலை. தெரிஞ்சேதான் தட்டாம இருந்தேன்."

சவரியம்மாள் அவளை அடித்திருக்கலாம், சாபம் விட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். தடுப்புக்குப் பின்னால் வலது பலகை இறங்கியது. இடதுக்கு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றாள் சவரியம்மாள். "கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஊரே அந்த இடையர் பாட்டைப் பத்திப் பேசும். நான் அவருகிட்ட, நீங்க மிதிச்ச பாட்டு எப்படியிருந்துச்சு தெரியுமான்னு கேப்பேன். எனக்கு எங்க தெரியும் சவரி, அந்த ரூமுக்குள்ள எனக்குக் கேக்குறது தோலு கத்துற சத்தமும் பலகை சத்தமும்தான், ஒரு வருசமாவது முன்னாடி ஒக்காந்து கேக்கணும்னு சொல்லுவாரு. ஆனா நான் முன்னாடி ஒக்காந்தா மிதிக்கிறது யாருன்னு அவரே சிரிச்சுக்குவாரு."

கிளமென்ஸ் அம்மாளுக்கு இது புதிது. முப்பது வருஷம் ஒரே காற்றில் இரண்டு பேரும் பிழைத்திருக்கிறார்கள், அந்த மனிதர் தான் மிதித்ததை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவள் அழுதாள். சவரியம்மாள் அவளைத் தேற்றவில்லை, தேற்ற வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. "கிறிஸ்துமஸ் அன்னிக்கு அந்தப் பாட்டுக்கு முன்னாடி தட்டிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செம்புகளை எடுத்துக்கொண்டு போனாள்.

இடையர் பூசைக்குக் கோயில் நிறைந்து வாசல்வரை நின்றார்கள். நற்கருணை கொடுத்து முடிந்து, எல்லாரும் முழங்காலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, இனி இசை வரும் என்று காத்திருந்த நேரத்தில் கிளமென்ஸ் அம்மாள் மேல்மாடத்தின் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்று, கீழே ஜோடித்திருந்த கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்துச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னாள். மிதிப்பது செசிலியம்மாள் இல்லை, மதலைமுத்து என்றாள். ஏன் மிதிக்கிறார் என்பதையும் சொன்னாள். கேக் தின்றதையும் விடவில்லை. கீழே முதலில் ஒரு சலசலப்பு, பிறகு "ஏம்மா, இளைப்புக்காரங்க என்ன பண்ணுவாங்க?" என்று ஒரு குரல், "நிறுத்திடாதீங்கம்மா, எம்மக பேறுகாலத்துக்கு நேந்திருக்கேன்" என்று இன்னொரு குரல். அருளப்பர் சாமியார் பீடத்திலிருந்து கையைத் தூக்கினார், அது வேண்டாம் என்பதற்கா ஆசீர்வாதத்துக்கா என்று அவருக்கே தெரியாது.

அவள் திரும்பிப் போய் மரத்தடுப்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

வலது பலகை பாதி இறங்கிக்கொண்டிருந்தது. முழுக்க இறங்கியது. இடது பலகை எழவில்லை. ஏழு வருஷமாக இரவும் பகலும் கேட்டுக் கேட்டுக் காது மறந்துபோயிருந்த சத்தம் நின்றதும், கோயிலுக்கு வெளியே கடல் இரைவது எல்லாருக்கும் கேட்டது.

"போதும் மதலைமுத்து, இறங்குங்க" என்றாள் கிளமென்ஸ் அம்மாள். முப்பது வருஷமாக நீ, வா, போ என்று பேசிய வாய் அது. "முன்னாடி போய் உக்காருங்க. உங்களுக்குத்தான் வாசிக்கப் போறேன்."

கீழே ஆம்பளைகள் பக்கத்து முதல் பெஞ்சியில் சவரியம்மாள் போய் உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு, அதில் யாரும் உட்காராதபடி தன் கையை வைத்துக்கொண்டாள். பொம்பளை அந்தப் பக்கம் உட்காரக் கூடாது என்று கோயில்பிள்ளை அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

துருத்தியில் அவர் கடைசியாக மிதித்து வைத்த காற்று மட்டும் இருந்தது. வேறு யாரையாவது மிதிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே ஊர் தயாராக இல்லை, யாரைக் கூப்பிடுவது. அடியில் ஒலிக்கும் பெரிய குழாயை அவள் தொடவில்லை, அது இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் குடித்துவிடும். பொட்டல் வெளியில் ஒற்றை ஆள் ஊதுவதுபோல் சின்னக் குழல் ஒன்றை மட்டும் திறந்துகொண்டு, இருக்கிற காற்றைச் சிக்கனமாகப் பிடித்துப் பிடித்து வாசித்தாள். இடையன் போனான், வந்தான், நின்றான், திரும்பிப் பார்த்தான். அவள் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டுதான் வாசித்தாள், அதனால் ஏதோ மிச்சம் பிடிக்கலாம் என்பதுபோல. பின்னால் துருத்தி மெல்ல மெல்லத் தணிந்து உட்காருவது அவள் முதுகுக்குத் தெரிந்தது. பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. இடையர்கள் கொட்டிலுக்குள் குனிந்து நுழையும் இடம் ஒன்று வரும், அதற்குப் பிறகு எட்டு அடி, அந்த எட்டு அடியில்தான் அவர்கள் குழந்தையைப் பார்ப்பார்கள். அந்த இசை முழுக்க அந்த எட்டு அடிக்காகத்தான் எழுதப்பட்டது. அந்த இடத்தின் வாசலில் குழல் ஒருமுறை நடுங்கி, தாழ்ந்து, நின்றுவிட்டது. அவள் அடுத்த கட்டையை அழுத்தினாள், மரச்சத்தம் மட்டும் வந்தது.

அவள் கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். முதல் பெஞ்சியிலிருந்து சவரியம்மாள் தலையைத் தூக்கி, பக்கத்து இடத்தில் வைத்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"முடிஞ்சிருச்சாம்மா? பாட்டு அவ்வளவுதானா?"

கிளமென்ஸ் அம்மாள் அந்தக் காலியிடத்தைப் பார்த்தாள். இன்னும் எட்டு அடி இருக்கிறது என்று அந்த இடத்தைப் பார்த்து எப்படிச் சொல்வாள்.

"அவ்வளவுதான்" என்றாள். "முழுசும் வாசிச்சுட்டேன்."

துருத்தி அதன்பிறகு தானாக அசையவில்லை. இரண்டு வருஷம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் பிறகு பேசினார்கள். மின்சாரத்தில் காற்றடிக்கும் மோட்டார் ஒன்று வந்தது. அவள் கைநடுக்கம் வந்து ஓயும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இடையர் இசையை வாசித்தாள், காற்று தாராளமாக இருந்தும், கொட்டிலுக்குள் குனிந்து நுழையும் அந்த இடம் வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அவளுக்குப் பின் வந்தவர்களும் அங்கேயே நிறுத்துகிறார்கள். மரக்கலத்துறையில் அந்தப் பாட்டு அவ்வளவுதான்.